சவரிராயன் கோத்த பக்கம்

அன்று கூடத்தில் இருந்தவர்கள் நான்கு பேர்: வீட்டுக்குப் பெரியவர் ஹென்றி, அவர் மனைவி மர்சலின், பேத்தி கரோல், கரோலின் சிநேகிதி தீபிகா.

சாந்தோமில் நான்கு தலைமுறையாகத் தலைகுனியாத குடும்பம் அது. எழுபத்தெட்டு வயதிலும் ஹென்றி நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. வரும் ஞாயிறு பங்குக் கோயில் மண்டபத்தில் அவருடைய தாத்தா சவரிராயனின் படத்தைத் திறக்க இருந்தார்கள். காரணம், வீட்டுப் பீடத்தில் மாதா படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்டு வைத்திருந்த ஒரு அச்சுத்தாள்.

சவரிராயன் அச்சுக் கோப்பவர். தொண்ணூறு வருஷத்துக்கு முன் இதே வீட்டின் பின்கட்டில் மெலிக்கியான் என்ற ஆர்மீனிய டாக்டர் குடியிருந்தார். பகலில் மீனவர் பிள்ளைகளுக்கு இலவச வைத்தியம்; மாலையில் கை அச்சு இயந்திரம். அரசன் வேண்டாம், போலீஸ் வேண்டாம், சிறையும் வேண்டாம் என்று தன் பாஷையில் அச்சடித்துக் கப்பலேற்றி ஊர் ஊராக அனுப்பினார். அந்த எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாத சவரிராயன், கைப்பிரதியின் வடிவத்தைப் பார்த்துப் பார்த்துக் கோத்துக் கொடுத்தார். போலீஸ் வந்து டாக்டரை நாடுகடத்தக் கொண்டுபோனபோது, வண்டியில் ஏறும் முன் டாக்டரே இந்தத் தாளைச் சவரிராயன் கையில் வைத்துவிட்டுப் போனார்.

டாக்டரின் ஜெபம் என்று குடும்பம் நம்பியது. பிள்ளை பிறந்தாலும், வீட்டில் சாவு விழுந்தாலும், அந்தக் கண்ணாடியைத் தொட்டுக் கும்பிடுவார்கள். விழாவில் அதைத் தமிழில் வாசிக்க வேண்டும் என்பது ஹென்றியின் ஆசை. ஆர்மீனியாவில், யெரெவானில் ஆறு வருஷம் டாக்டருக்குப் படித்துத் திரும்பியிருந்த தீபிகாவை அதற்காகத்தான் வரவழைத்திருந்தார். வார்டில் நோயாளிகளோடு பேசிப் பேசி பாஷை வந்துவிட்டது என்றாள் அவள்.

"அச்செழுத்துதானே, டாக்டர் கிறுக்கல் இல்லையே. தைரியமா படிம்மா," என்றாள் மர்சலின். எல்லோரும் சிரித்தார்கள்.

முதல் வரியிலேயே தீபிகாவின் சிரிப்பு போய்விட்டது. பழைய எழுத்து, சரியாகப் புரியவில்லை என்று பின்வாங்கினாள்.

"புரிஞ்சிடுச்சு, முகத்துலயே தெரியுது," என்றார் ஹென்றி. "எங்க தாத்தா கோத்தது. ஒரு எழுத்தும் விடாம படி."

அவள் வரிவரியாகத் தமிழில் சொன்னாள்.

"இதை வாசிக்கத் தெரிந்தவர் வரும்வரை இந்தத் தாள் இந்த வீட்டில் பேசாமல் இருக்கும். வாரந்தோறும் என் தாள்களில் ஒன்று போலீசுக்குப் போகிறது. கொண்டுபோகிறவர்தான் இப்போது இதைக் கோத்துக்கொண்டிருக்கிறார். தன்னைப் பற்றித்தான் என்று அவருக்குத் தெரியாது. ஜெபம் சொல்வதுபோல் உதடு அசைகிறது."

மர்சலின் சிலுவை போட்டுக்கொண்டாள். கரோல் போதும் என்றாள். ஹென்றி கையைக் காட்டி அவளை அடக்கினார்.

"அவர் மகனுக்கு இன்று சுரம் இறங்கிவிட்டது. பிழைத்துக்கொள்வான்."

அந்த மகன் ஹென்றியின் அப்பா.

"நான் அவர் பின்னால் நிற்கிறேன். அவர் திரும்பவில்லை."

மதியம் மூன்று மணி. கடற்காற்று நின்றுபோயிருந்தது. ஹென்றியின் நாற்காலிக்குப் பின்னால் யாரோ மூச்சு விட்டார்கள். பெண்கள் மூவரும் அவர் கண்ணெதிரே இருந்தார்கள். மணிக்கட்டில், நாடி பார்க்கும் இடத்தில், மூன்று குளிர்ந்த விரல்கள் பதிந்தன. ஹென்றி திரும்பவில்லை.

"அவர் பெயரை நான் சொல்ல மாட்டேன். தண்டிப்பவர் எவரும் வேண்டாம் என்பவன் நான். சொல்வதானால் அவர் வீட்டார் சொல்லட்டும்." அத்தோடு தாள் முடிந்தது.

இந்த ஊரில் இதை வேறு யார் படிக்கப் போகிறார்கள், ஜெபம் என்றே இருக்கட்டும் என்றாள் கரோல். தான் வாயைத் திறக்க மாட்டேன் என்று தீபிகா சத்தியம் செய்தாள். விரல்கள் அவசரப்படவில்லை, நிதானமாகத் துடிப்பை எண்ணிக்கொண்டிருந்தன.

"நான் சொல்றேன்," என்றார் ஹென்றி.

"யாருகிட்டங்க பேசறீங்க?" என்று கேட்டாள் மர்சலின்.

அந்த ஞாயிறு மேடையில் ஹென்றிக்குத் தலைசுற்றி அவர் ஏதோ உளறினார் என்றும், பக்கத்தில் நின்ற ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார் என்றும் பட்டினப்பாக்கம் வரை பேச்சு. தவறு. அவர் நிமிர்ந்து நின்று முழுவதையும் வாசித்தார். கடைசியில் சவரிராயன் என்று பெயரையும் சொன்னார். மேடையில் அவரைத் தவிர வேறு யாரும் இல்லை.