பின்னறை ஈரம்

வீடு என்றால் மேலிருந்துதான் நனையும் என்று நினைத்திருந்தேன். கிளிநொச்சி பாரதிபுரத்தில் எங்களுக்கு இருந்தது தென்னோலைக் கிடுகு வேய்ந்த வீடு. மழை வந்தால் ஒழுகும், சட்டி பானை வைப்போம், வெயில் வந்தால் காயும். அதில் ஒளிவு மறைவு ஒன்றும் கிடையாது. கீழேயிருந்து நனைகிற வீட்டை நான் முதன்முதலில் பார்த்தது தண்ணீரூற்றில். ஊரின் பெயரே தண்ணீரூற்று. அந்தப் பெயரை வாயால் சொல்லிக்கொண்டு திரிந்தும் எங்கள் அப்பாவின் மூளைக்கு ஒன்றும் எட்டவில்லை.

தொண்ணூற்றாறில் கிளிநொச்சியை விட்டு ஓடினோம். மரத்தடி, பள்ளிக்கூடம், யாரோ ஒருவரின் மாட்டுக்கொட்டில் என்று அலைந்து, அடுத்த வருடம் சித்திரை போல அந்தக் கல்வீட்டில் ஒதுங்கினோம். அப்பா பழனியாண்டி, அம்மா வடிவம்மா, நான். வீட்டுக்காரர் மஸாஹிர் என்ற வியாபாரி. தொண்ணூறில் இயக்கம் முஸ்லிம் சனத்தை வெளியேறச் சொன்னபோது பெண்சாதி பிள்ளைகளோடு கையில் கொண்டுபோக விட்டதை மட்டும் எடுத்துக்கொண்டு போனவர். அதற்குப் பிறகு அந்த வீட்டின் கதவுகளும் முன்பக்கத்துக் கூரைத் தகரமும் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. போன இடம் ஊருக்கே தெரியும். அடுத்த வளவில் இருந்த அப்புத்துரையின் மாட்டுக்கொட்டிலுக்கு நல்ல தேக்கங்கதவு போட்டிருந்தது.

இன்னொருத்தர் வீட்டில் குந்தியிருக்கிறோம் என்று எனக்கு முதல் நாளே உடம்பு கூசியது. அப்பாவுக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, கலவரத்தில் அடிபட்டு வன்னிக்கு வந்து, காலமெல்லாம் மற்றவன் வயலில் கூலிக்கு நின்ற மனுஷனுக்குச் சீமெந்து நிலத்தில் கால் நீட்டிப் படுத்ததே பெரிய வாழ்வாக இருந்தது. அதை நான் குறை சொல்லவில்லை. அதற்குப் பிறகு செய்ததைத்தான் சொல்கிறேன்.

அம்மாவுக்கு முட்டு வருத்தம். மூச்சு இழுக்கத் தொடங்கினால் தோள் இரண்டும் காது வரைக்கும் ஏறும், பார்க்கிறவர்களுக்கும் மூச்சு அடைக்கும். பின்னறையில் மட்டும்தான் கூரை முழுதாக இருந்தது. அதனால் அம்மாவை அங்கே படுக்க வைத்தோம். ஒரு மாதம் ஆவதற்குள் முட்டு குறைவதற்குப் பதிலாகக் கூடியது. பாயைத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் முழுவதும் கறுப்புக் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்திருந்தது.

அன்றிலிருந்து நான் அந்த அறையை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்கு நீலப்பூச்சு உரிந்து, உப்புப் பூத்து, தொட்டால் மாவாகக் கொட்டியது. ட்ரங்குப் பெட்டியின் அடி துருவேறி அரித்திருந்தது. தீப்பெட்டியை அங்கே வைத்தால் குச்சி பற்றாது. தீப்பெட்டி கிடைக்காத காலத்தில் அது எவ்வளவு பெரிய நட்டம் என்று வன்னியில் இருந்தவர்களுக்குத் தெரியும். மூலையில் எறும்பு கிளறிப் போட்ட மண் கூட ஈரமாக இருந்தது. ஓடு உடைந்திருக்கலாம் என்று அப்பாவை ஏறிப் பார்க்கச் சொன்னேன். ஒரு ஓடும் உடையவில்லை. அப்போது ஆடி பிறந்துவிட்டது, வெளியே மண் வெடித்துக் கிடந்தது.

வீடு முழுக்கச் சிவப்புச் சாயம் போட்டு மினுக்கிய நிலம். பின்னறையின் நடுவில் மட்டும் ஒரு சாம்பல் நிற வட்டம், ஒரு ஆள் குறுக்கே படுக்கலாம். சாயம் போடாத வெறும் சீமெந்து. ஈரம் முழுவதும் அங்கிருந்துதான் வந்தது. காலையில் வெறுங்காலோடு அதில் நின்றால் குளிர் எலும்பில் ஏறும். துடைத்துவிட்டுப் போனால் திரும்பி வரும்போது மறுபடியும் வேர்த்திருக்கும்.

நான் இதைக் காட்டியபோது அப்பா குந்தியிருந்து வட்டத்தின் விளிம்பை விரலால் தடவினார். முகம் மாறியது. வருத்தப்படப் போகிறார் என்று பார்த்தால் சிரிக்கிறார்.

"இது கடைசி நேரத்துல வெட்டி மூடுன எடம், புள்ள," என்றார். "வெட்டுன மண்ணு எறுகாது. அதான் ஈரம் குடிக்குது."

போகிற சனத்திடம் நகை நட்டெல்லாம் வழியில் பறிப்பார்கள் என்று கதை பரவியதும், பலர் உள்ளதை வீட்டுக்குள்ளேயே புதைத்துவிட்டுப் போனார்கள் என்று ஊரில் பேச்சு உண்டு. பாதி வீடுகளின் நிலத்தை ஆட்கள் அதற்காகவே கிண்டிப் போட்டிருந்தார்கள். மஸாஹிர் வசதியானவர், பெண்பிள்ளைக்குக் கலியாணம் செய்து வைத்தவர். அப்பா இதையெல்லாம் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டு, வட்டத்துக்குக் கீழே ஒரு பெட்டி இருக்கிறது என்று முடிவு கட்டிவிட்டார். பிறகு அவர் செய்த வேலையை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மஸாஹிர் விட்டுப்போன கனத்த மரக்கட்டிலை இழுத்து அந்த வட்டத்தின் மேலேயே போட்டு, அம்மாவை அதில் படுக்க வைத்தார். வருத்தக்காரி படுத்திருக்கிற கட்டிலை யாரும் நகர்த்திப் பார்க்க மாட்டார்கள், அல்லவா. நானும் அவரும் பேசாமல் இருந்த நாட்கள் அப்போது தொடங்கின.

அப்புத்துரை ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கூப்பிட்டார். எந்த அறையில் படுக்கிறீர்கள் என்று விசாரித்தார். பின்னறை என்றதும் முகத்தைச் சுளித்தார்.

"அதைப் பாவியாதேங்கோ, அங்க படுக்காதேங்கோ, பிள்ளை. அதுக்குக் கீழ கிணறு கிடக்கு," என்றார். "நாங்கள் எல்லாரும் தண்ணி அள்ளின கிணறு. மகளின்ர கலியாணத்துக்கு வீட்டைப் பெருப்பிக்கேக்க மஸாஹிர் நானா அதை உள்ளுக்க விட்டுக் கட்டிப்போட்டார்."

மண் போட்டு நிரப்பப் பார்த்தார்களாம். ஊற்றுக் கிணறு, போட்ட மண்ணெல்லாம் இழுபட்டுப் போனதாம். கடைசியில் வாயின் குறுக்கே மரக்குற்றிகளை அடுக்கி மேலே சீமெந்து போட்டு விட்டார்களாம். குற்றி இவ்வளவு காலத்துக்கு உக்கி உளுத்திருக்கும் என்றார்.

நான் ஓடிவந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "கதவ கழட்டுனவன், கூரைய கழட்டுனவன், இப்ப நம்மளயும் கழட்டப் பாக்குறான். நாம எந்திரிச்சா அவன் வெட்டுவான். அவன் சொல்றத நம்புறியே நீ," என்றார். அதில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. அந்த ஊரில் அப்புத்துரையின் வாயிலிருந்து வந்த ஒரு சொல்லையும் யாரும் காசாக மதித்ததில்லை. அந்தக் கிணற்றில் அள்ளிய மற்ற வீட்டுக்காரர்களும் தொண்ணூறில் போய்விட்டார்கள், கேட்டுப் பார்க்க ஆளில்லை. எனக்குக் கிணறும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம். அம்மா அங்கே படுக்கக்கூடாது, அவ்வளவுதான். அப்பா கேட்கவில்லை.

அன்றிலிருந்து அவர் வீட்டை விட்டு அசையவில்லை. கூலிக்குப் போவதும் நின்றது. வெட்டுவதற்கும் வழியில்லை. அலவாங்கால் நிலத்தைக் குத்தினால் வேலிக்கு அந்தப் பக்கம் கேட்கும். அப்புத்துரை வந்து நிற்பார், இல்லாவிட்டால் போய் இயக்கத்திடம் சொல்லிவிடுவார் என்ற பயம். அப்புத்துரை ஒருநாள் முழுக்க ஊரில் இல்லாமல் போகவேண்டும் என்று அப்பா காத்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசியில் மழை பிடித்தது. இப்போது வட்டம் மட்டும் இல்லை, அறை முழுக்கவே வேர்த்தது. ஜன்னல் நிலை ஊதி இறுகிக்கொண்டது. ஜன்னல் மூலையிலிருந்து ஒரு வெடிப்பு கிளம்பி நிலத்தை நோக்கி இறங்கியது. ஒவ்வொரு நாளும் அது கொஞ்சம் கீழே வந்திருந்தது. சேற்று மணம் சோற்றிலும் அடித்தது. கட்டிலின் தலைமாட்டுக் கால் ஒன்று சீமெந்துக்குள் ஒரு விரல் கடை தாழ்ந்திருந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவருக்கு அதிலும் சந்தோஷம். கீழே மண் பொலுபொலுவென்று இருக்கிறதாம், வேலை சுகமாம்.

அம்மா எலும்பும் தோலுமாகிவிட்டார். உட்கார்ந்தபடியே மூச்சுக்குப் போராடுவார். முன் விறாந்தையில் ஒரு மூலையை மறைத்து உரச்சாக்கு விரித்து, அங்கே வாருங்கள் என்று கெஞ்சினேன். மாட்டேன் என்றார். கார்த்திகையில் அப்பாவே ஒருநாள், கட்டிலைக் கொஞ்சம் நகர்த்துகிறேன், எழும்பு என்று கேட்டார். அன்றைக்கு அப்புத்துரை மாத்தளன் பக்கம் போயிருந்தார். அம்மா கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, நெஞ்சு சரியில்லை, இன்றைக்கு அசைக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். வருத்தம் மனுஷரைப் பிடிவாதமாக்கும் என்று நான் நினைத்தேன்.

மார்கழி தொடங்கிய கையோடு ஒரு காலையில் அம்மாவின் உதடு நீலமாகிவிட்டது. நான் யாரையும் கேட்கவில்லை. வேலியைப் பிரித்துக்கொண்டு அப்புத்துரையிடம் ஓடினேன். அவரிடம் லாண்ட்மாஸ்டர் உழவு மிஷினும் அதன் பின்னால் கொளுவுகிற இழுவைப் பெட்டியும் இருந்தன, மண்ணெண்ணெயும் கொஞ்சம் இருந்தது. புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்றேன். உடனே மிஷினின் கைபிடியைச் சுற்றி ஸ்டார்ட் பண்ணினார்.

அப்புத்துரையை வளவுக்குள் விட மறுத்து அப்பா சண்டை பிடிப்பார் என்று பயந்துகொண்டு வந்தேன். அவர் பிடிக்கவில்லை. வாங்கோ அண்ணை என்றார். தானே உள்ளே போய், சட்டத்தைப் பற்றியிருந்த அம்மாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு வந்து பெட்டியில் வைத்தார். அம்மா அவரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு, நீங்களும் வாங்க என்று இழுத்தார். வீடு பார்க்க ஆள் வேண்டும் என்று அப்பா சொன்னார். அவ்வளவு அன்பாக அவர் பேசி நான் பல மாதம் கேட்டதில்லை. அந்த அன்பைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது.

பாதை முழுக்கக் கிடங்கு. பெட்டி தூக்கித் தூக்கிப் போட்டது. அம்மாவின் தலை என் மடியில். நல்ல காற்றுப் பட்டதாலோ என்னவோ மூச்சு கொஞ்சம் இளகியது. வாய் அசைந்தது. காதைக் கொண்டுபோய் வைத்தேன்.

"மிஷின திருப்பச் சொல்லு," என்றார்.

ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறோம் என்றேன். அம்மா இல்லை என்று தலையை ஆட்டினார். ஒவ்வொரு சொல்லாக, மூச்சுக்கு மூச்சு நிறுத்திச் சொன்னார்.

"கீழ தண்ணி கெடக்கு, புள்ள. காது வச்சா கேக்குது. மண்ணு விழுகிறதும் கேக்குது. நான் எந்திரிச்சா அவரு வெட்டுவாரு. என் கனத்த அது தாங்கிச்சு. அவரு கடப்பாறைய தாங்காது."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. அப்பா புதையல் பெட்டிக்குக் காவலாக அம்மாவை அங்கே படுக்க வைத்தார். அம்மா அவருக்குக் காவலாக அங்கே படுத்திருந்தார். காலையில் வாங்கோ அண்ணை என்றது ஏன் என்றும் விளங்கியது. அம்மாவையும் அப்புத்துரையையும் ஒரே மிஷினில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

நான் கத்தவும் அப்புத்துரை மிஷினைத் திருப்பினார். அது சேற்றில் புதைந்து உறுமிக்கொண்டு நின்றது. நான் குதித்து ஓடினேன். செருப்பு ஒன்று போனது, மற்றதை நானே உதறினேன். வயல் வரம்பில் குறுக்கே விழுந்து எழும்பி ஓடினேன். வளவை நெருங்கும்போது அலவாங்கின் சத்தம் கேட்டது. கேட்கும் வரைக்கும் அவர் உயிரோடு நிற்கிறார். குத்து, இடைவெளி, குத்து. நான் அப்பா, அப்பா என்று கத்திக்கொண்டு வாசல் படலையைத் தள்ளினேன். உள்ளேயிருந்து அவரின் குரல் வந்தது.

"மரம் தட்டுப்படுது, புள்ள. பொட்டிதான்."

அடுத்த குத்தும் கேட்டது. பிறகு வீடு ஒருமுறை அதிர்ந்தது.

பின்னறை வாசலில் நான் காலை வைத்தபோது நிலம் அங்கேயே முடிந்திருந்தது. கட்டிலைச் சுவரோரம் அழகாகச் சாத்தி வைத்திருந்தார். நடுவில் கறுத்த தண்ணீர், கைக்கு எட்டுகிற ஆழத்தில், குற்றித் துண்டுகளோடு சுற்றிக்கொண்டிருந்தது. விளிம்புச் சீமெந்து இன்னும் உடைந்து உடைந்து உள்ளே விழுந்தது. அப்பா மேலே வரவில்லை. மிஷினைச் சேற்றிலிருந்து மீட்டுக்கொண்டு வந்து, கயிறோடு இறங்கியது அப்புத்துரைதான். கதவு திருடிய அதே மனுஷன் மார்பளவு சீமெந்துக் கல்லை விலக்கி, மூன்று முறை மூழ்கி, அப்பாவை இழுத்துக்கொண்டு வந்து முற்றத்தில் கிடத்திவிட்டுக் குந்தியிருந்து அழுதார். படலையடியில் நின்ற மிஷின் பெட்டிக்குள் அம்மா எழும்பி உட்கார்ந்திருந்தார். என்ன நடந்தது என்று கேட்கவில்லை.

அம்மாவை அங்கிருந்து எழுப்பினது பிழை என்று என்னிடம் யாரும் சொல்லமுடியாது. சொல்லவும் விடமாட்டேன். இன்னும் ஒரு நாள் அந்த ஈரத்தில் கிடந்திருந்தால் அம்மா செத்திருப்பார். பிறகு நாங்கள் விசுவமடுவில் மணல் தரையில் தறப்பாள் சீலை கட்டிக் கொட்டில் போட்டு இருந்தோம். காய்ந்த மணல். அம்மாவுக்கு முட்டு வரவேயில்லை. சுகமாக மூச்சு விட்டுக்கொண்டு, முகத்தைத் தறப்பாள் பக்கம் திருப்பிப் படுத்திருப்பார். என்னோடு கதைக்கமாட்டார்.