வியாழக்கிழமை வளர்ந்த வாழைப்பழம்

ஹேத்வி கெட்டிக்காரிதான், யார் இல்லையென்றார்கள்? அகமதாபாத்தில் வடிவமைப்புப் படிப்பு, முதல் வருடம். களிமண், காகித மடிப்பு, எழுத்து வடிவம் என்று ஆளாளுக்கு வேலை கொடுத்து முதுகை ஒடித்துக்கொண்டிருந்தார்கள். போதாததற்கு ஓவிய ஆசிரியை ஃபால்குனிபென் ஆளுக்கொரு வாழைப்பழத்தைத் தலையில் கட்டினார். ஒரு வாரம், தினம் ஒரு படம். பழம் கனிந்து கறுப்பதைக் காட்டவேண்டும். ஏமாற்றினால் ஜனவரியில் வரும் உத்தராயண லீவு கிடையாது. பட்டம் விடும் நாளில் வதோதரா வீட்டு மொட்டைமாடியில் நிற்காவிட்டால் ஹேத்விக்கு உயிரே போய்விடும்.

‘தினம் ஒரு படம்’ என்பதில் ‘தினம்’ மட்டும்தான் அவளுக்கு ஒத்துவரவில்லை. முதல் நாளே பசித்தது, பழத்தைத் தின்றுவிட்டாள். நாளைக்கு வேறு வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். அந்த நாளை ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது. மறுநாள் காலை எல்லாவற்றையும் சுவரில் மாட்டவேண்டும். பழக்காரர் கனுபாயின் தள்ளுவண்டிக்கு ஓடினாள்.

“கனுபாய், பச்சையிலேர்ந்து கறுப்பு வரைக்கும் வயசு வாரியா ஏழு பழம் குடுங்க.”

“என்ன பென், பழத்துக்கு மாப்பிள்ளை பாக்குறியா?” என்றபடி பொறுக்கிக் கொடுத்தார். குஜராத்தில் சின்னவள், பெரியவள் எல்லாருமே ‘பென்’, அதாவது சகோதரிதான்.

ஒரே மூச்சில் வரைய உட்கார்ந்தாள். அறைத்தோழி மிருணாள் வேடிக்கை பார்த்தாள்.

“தினம் பத்து நிமிஷம் உக்காந்திருந்தா முடிஞ்சிருக்கும்டி.”

“அப்ப மத்த வேலையெல்லாம் யாரு பண்றது?”

“அதையும்தான் நீ பண்ணலியே.”

இந்த மிருணாளுக்கு வாயை மூடத் தெரியாது.

மறுநாள் ஃபால்குனிபென் சுவரோரமாக நடந்து வந்து ஹேத்வியின் படங்களுக்கு முன்னால் நின்றார். நின்றவர் நகரவில்லை.

“ஹேத்வி, புதன்கிழமை இந்தப் பழம் விரல் நீளம்தான் இருக்கு. வியாழக்கிழமை எப்படி முழங்கை நீளமாச்சு?”

“கொஞ்சம் தேறியிருக்கு, பென்.”

“சரி. வெள்ளிக்கிழமை அந்தப் பக்கமா வளைஞ்சிருக்கே?”

“திரும்பிப் படுத்திருக்கும், பென்.”

வகுப்பே உருண்டு புரண்டு சிரித்தது. ஃபால்குனிபென் மட்டும் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. அதுதான் ஹேத்விக்குப் பயமாக இருந்தது.

“லீவுக்குப் போயிட்டு வா,” என்றார்.

ஹேத்விக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

“வாழைப்பழம் அவசரக்காரப் பழம், உனக்கு நேரம் பத்தலை. பூசணிக்காய் எடுத்துக்கோ. ஒரே காய். அழுகுற வரைக்கும் தினம் ஒரு படம் வரைஞ்சு, காயையும் பக்கத்துல வச்சுப் போட்டோ எடுத்து அனுப்பு. அழுகினதும் நிறுத்திக்கலாம்.”

இவ்வளவுதானே, லீவு முடிவதற்குள் அழுகிவிடும் என்று கணக்குப் போட்டாள். வாழ்க்கையில் ஒரு பூசணிக்காயையாவது கவனித்திருந்தால்தானே! பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு மகராணி மாதிரி ஊர் போய்ச் சேர்ந்தாள்.

வாசலிலேயே அம்மா காயை வாங்கி, விரலால் தட்டிப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

“எங்க புடிச்ச, பேட்டா? நல்லா முத்தின காய். ஆகஸ்ட்ல ராக்கி கட்டுற வரைக்கும் அழுகாது.”