எட்டுக் குடம் பாக்கி

வீரசோழன் ஊரில் ஒரு லோடு தண்ணீரின் விலை எழுநூறு ரூபாய். கல்யாண வீடு என்றால் ஐம்பது குறையும். காங்கிரீட் போடுகிற வீடு என்றால் நூறு கூடும். கல்யாணத்துக்கு வந்தவன் கொஞ்சம் பொறுப்பான், கலந்த சிமெண்டு பொறுக்காது என்பது டேங்கரில் தண்ணீர் விற்கும் சகாபுதீனின் வியாபார ஞானம். மழையாக இறங்கி, யார் யார் நிலத்துக்கு அடியிலோ ஊர்ந்து வந்து சேர்கிற சரக்கு. கொள்முதல் விலை என்று ஒன்றே கிடையாது. கரண்டும் டீசலும் போக மிச்சமெல்லாம் லாபம்.

சவுதியில் கடையில் நின்று சேர்த்த பணத்தில், கண்மாயை ஒட்டிய நிலத்தில் எண்ணூறு அடிக்குப் போர் இறக்கியிருந்தார். ஆளைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. தொழுகை தவறாது. பள்ளிவாசலில் தொழுகைக்கு முன் கை கால் முகம் கழுவி ஒளுச் செய்கிற தொட்டிக்குத் தண்ணீர் இலவசம். ரமலான் வந்தால் தண்ணீர் வருமானத்துக்கு நூற்றுக்கு இரண்டரை என்று ஏழைகளுக்கான ஜக்காத்தைப் பைசா பிசகாமல் கொடுத்துவிடுவார். கொடுத்த கையோடு மீதிப் பணமெல்லாம் வெளுத்து வந்த வேட்டி மாதிரி ஆகிவிட்டதாக அவருக்கு ஒரு நிம்மதி.

அவர் மனைவி ரசூல் பீவிக்கு அந்த நிம்மதி இல்லை. டேங்கருக்குச் சொந்தக்காரி ஒரு செம்புத் தண்ணீரில் ஒளுச் செய்வாள். கை கால் கழுவின தண்ணீரும் மாதுளைச் செடிக்குத்தான் போகும்.

"ஏம்மா, நம்ம வீட்லயே பஞ்சமா?" என்று சகாபுதீன் கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

"ஓடுற ஆத்துல ஒளுச் செஞ்சாலும் வீணாக்கக் கூடாதுன்னு நம்ம நபி சொல்லியிருக்காக. ஆத்தையே வித்துக்கலாம்னு ஒங்களுக்கு யாரு சொன்னது?"

"ஆறு எங்கடி இருக்கு? இது போரு."

"தண்ணி, புல்லு, நெருப்பு மூணும் எல்லாருக்கும் பொதுன்னும் சொல்லியிருக்காக. போரு போட்டவருக்கு மட்டும்னு சொல்லலையே."

சகாபுதீன் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டுவார். வியாபாரிக்கு வீட்டில் தோற்பது ஒன்றும் அவமானமில்லை.

பக்கத்து நிலம் தனுஷ்கோடியுடையது. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. போன வருஷம் அவன் கிணறு வற்றி, மல்லியும் மிளகாயும் நின்ற இடத்திலேயே காய்ந்தபோது வந்தான்.

"ஏலே சகாபு, ராத்திரி முழுக்க மோட்டார ஓட்டுறியே. என் கெணத்துத் தண்ணியும் சேந்துல்ல வருது. ரெண்டு மாசம் நிப்பாட்டுப்பா. செடி பொழச்சுக்கிரும்."

"என் நெலம், என் மோட்டாரு. ஒன் தண்ணின்னு அதுல பேரா எழுதியிருக்கு?"

தனுஷ்கோடி துண்டை உதறித் தோளில் போட்டான். "சரிங்க பாய்," என்று சொல்லிவிட்டுப் போனான். முப்பது வருஷமாக 'ஏலே' போட்டவன் வாயில் வந்த அந்த 'பாய்' சகாபுதீனுக்கு இரண்டு நாள் உறுத்தியது. மூன்றாம் நாள் ரோட்டோரத்து நூல் மில்லில் மாதச் சப்ளைக்கு அட்வான்ஸ் கொடுத்தார்கள். உறுத்தல் போய்விட்டது.

இந்தச் சித்திரையில் போர் காற்றைக் கக்கியது. மோட்டார் உறுமும், குழாயில் புஸ்ஸென்று சத்தம் மட்டும் வரும். சகாபுதீன் வெளியே மூச்சு விடவில்லை. சரக்குத் தீர்ந்ததை எந்தக் கடைக்காரன் தண்டோரா போடுவான்? முதல் நாளே நிரப்பி நிறுத்திய டேங்கர் ஒன்றுதான் மிச்சம்.

"வீட்டுத் தொட்டி காஞ்சு கெடக்குங்க. ரெண்டு குடமாச்சும் எறக்கிட்டு அனுப்புங்க," என்றாள் ரசூல் பீவி. காலையிலிருந்தே நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"லோடு கொறஞ்சா மில்லுக்காரன் மூஞ்சியத் தூக்குவான். சாயங்காலம் ஊத்து ஊறிரும்மா."

டேங்கர் போனது. மதியத் தொழுகைக்கு ஒரு செம்புத் தண்ணீர் தேடி எழுந்தவள், அடுப்படி நிலையைப் பிடித்தபடியே சரிந்தாள். திருச்சுழி ஆஸ்பத்திரிக்குப் போகக் கார் வந்து நிற்பதற்குள் முடிந்துவிட்டது.

வெயில் கொளுத்தியது. பொழுது சாய்ந்து மஃரிபு வருவதற்குள் அடக்கிவிட வேண்டும் என்றார்கள் பெரியவர்கள். ரசூல் பீவியின் மையத்தைக் குளிப்பாட்டக் கதீஜா லாத்தா வந்தார். இலந்தை இலை வந்தது, கற்பூரம் வந்தது, உடுத்தி அடக்கக் கஃபன் துணி வந்தது. தண்ணீர் வரவில்லை. பள்ளிவாசல் தொட்டியும் அவருடைய போரை நம்பியதுதான், அதுவும் காய்ந்திருந்தது. பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் வர இன்னும் மூன்று நாள் இருந்தது. கடைகளில் கேன் தண்ணீர் காலையிலேயே தீர்ந்துவிட்டது. சகாபுதீன் டேங்கர் ஓட்டுகிற ஐயாத்துரைக்குப் போன் போட்டார்.

"மொதலாளி, எல்லாத்தையும் மில்லுத் தொட்டியில எறக்கிட்டேனே, அப்பவே செலவாயிருச்சு. பந்தல்குடிப் பக்கம் ஒரு போருல லோடு கெடைக்குமாம். வரிசை நிக்குது. எடுத்துட்டு வர ராவாயிரும்."

தொழ வைக்கிற பள்ளிவாசல் அசரத் தயங்கித் தயங்கிச் சொன்னார். "தண்ணி கெடைக்கலேன்னா தயம்மும் செய்யலாம் பாய். சுத்தமான மண்ணத் தொட்டு முகத்துலயும் கையிலயும் தடவுறது. மார்க்கத்துல எடமிருக்கு."

மண். ஊருக்கே தண்ணீர் விற்றவன் பெண்டாட்டிக்கு மண். சகாபுதீன் எழுந்து போய் வீட்டுத் தொட்டியை மறுபடி எட்டிப் பார்த்தார். மகள் ஃபர்ஹானா அழுகையை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள்.

அந்த நேரத்தில் வாசலில் குடம் உரசும் சத்தம். தனுஷ்கோடியின் மனைவி துர்காதேவி முன்னால் வந்தாள், பின்னால் அவள் தெருப் பெண்கள். எட்டு பிளாஸ்டிக் குடம். கண்மாய்க்குள் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் அள்ளி அள்ளி, அவரவர் வீட்டுக்குக் குடிக்கச் சேர்த்து வைத்திருந்த தண்ணீர்.

"கொஞ்சம் கலங்கலாத்தான் இருக்கும் லாத்தா, வெள்ளத் துணியில வடிச்சுக்கங்க," என்று கதீஜாவிடம் சொல்லி இறக்கினாள்.

சகாபுதீனின் கை தன்னையறியாமல் சட்டைப் பைக்குப் போனது. பழகின கை.

துர்காதேவி அதைப் பார்த்துவிட்டாள். "கைய எடுங்கண்ணே. அக்கா கடைசியாக் குளிக்கிற தண்ணிக்கு ரேட்டுப் போட எங்களுக்குத் தெரியாது."

ரசூல் பீவி குளித்துப் புறப்பட்டாள். உயிரோடிருந்த காலத்தில் அவள் ஒரே நாளில் இவ்வளவு தண்ணீர் செலவழித்ததில்லை.

அடக்கம் முடிந்து கபர்ஸ்தான் வாசலில் தனுஷ்கோடி தோளில் கை வைத்தான். "ஏலே சகாபு, வீட்டுக்கு வா. ஒரு வா கஞ்சி குடி." அந்த 'ஏலே'யில்தான் அவர் வாய்விட்டு அழுதார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகையில் அசரத்திடம் அனுமதி கேட்டு எழுந்து நின்றார்.

"ஜக்காத்துக் குடுத்தா எல்லாம் சுத்தமாயிரும்னு நெனச்சேன். லாபத்துக்குத்தான் ஜக்காத்து, அடுத்தவுக பங்குக்கு ஏது? பூமிக்கடியில இருக்குற தண்ணி அல்லா நம்மகிட்ட ஒப்படைச்ச அமானிதம். நமக்குப் பொறகு பொறக்கப் போற புள்ளைகளுக்கும் அதுல பங்கு இருக்கு. அவுக வந்து கேக்க முடியாதுங்கிறதுக்காக நான் வித்துப்புட்டேன். நீங்க யாரும் அதச் செய்யாதீக."

மோட்டாரைக் கழற்றினார். வீட்டுக் கூரைத் தண்ணீரும் நிலத்துத் தண்ணீரும் உள்ளே இறங்கப் போரைச் சுற்றிக் குழி வெட்டி ஜல்லி நிரப்பினார். தனுஷ்கோடியின் கிணறு இன்னும் ஊறவில்லை. ஒரு மழை காணாது அதற்கு, பல வருஷம் ஆகும்.

இதுவரை பூமியிலிருந்து எடுத்தது எத்தனை லோடு என்று, கணக்கில் புலியான சகாபுதீனுக்கே தெரியாது. திரும்ப வந்தது எட்டுக் குடம். அதையும் கொடுத்தவர்கள் அவரிடம் தண்ணீரைப் பறிகொடுத்தவர்கள். பாக்கி அப்படியே நிற்கிறது.