சாயாத தோப்பு

புயலுக்குப் பிறகு ஊரில் மரம் மலிந்துவிட்டது. எல்லார் தோப்பும் ஒரே நாளில் விழுந்ததால் வாங்க ஆளில்லை. என் தோப்பு மட்டும் நின்றது. நின்ற மரத்துக்கு முழு விலை தருவதாக வியாபாரி சொல்லியிருந்தார். அடுத்த கன்றுகள் வளரும்வரை என் குடும்பம் அந்தப் பணத்தில்தான் ஓட வேண்டும்.

விற்பதற்கு முன் ஒரு மரத்தை வெட்டி அக்காவின் மரமில்லுக்குக் கொண்டுபோனேன். காற்றில் அவள் வீட்டுக் கூரை போய்விட்டது. கூரைச் சட்டங்கள் என் பொறுப்பு என்று சொல்லியிருந்தேன்.

"வாடா ஜமீன்தாரே! ஊரே படுத்துக் கிடக்கு, உன் மரத்துக்கு மட்டும் என்ன திமிரு?" என்றாள் அக்கா.

முதல் சட்டத்தை இழைத்தபோது அவள் கை நின்றது. குறுக்கே தலைமுடி ஒட்டியதுபோல் ஒரு கோடு. ஊதினாள். போகவில்லை. சற்றுத் தள்ளி இன்னொன்று. சட்டத்தை இரண்டு கட்டைகளின்மேல் வைத்து ஏறி நின்றாள். படக்கென்று முறிந்தது.

"என் எடைதான் காரணம்னு மட்டும் சொல்லிடாத."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முறிந்த இடத்தில் நாரே இல்லை. ரொட்டியைப் பிட்டதுபோல் இருந்தது. காற்று வளைத்து வளைத்து மரத்தை உள்ளுக்குள் நசுக்கியிருக்கிறது. வெளியே பட்டைகூட உரியவில்லை.

"இந்த ஒண்ணு மட்டும் இப்படி இருக்கும்க்கா."

"எல்லாம் ஒரே காத்துலதானேடா நின்னுச்சு."

வாசலில் வியாபாரியின் லாரி வந்து நின்றது. அக்கா முறிந்த துண்டுகளைக் காலால் மரத்தூளுக்குள் தள்ளினாள். "உன் தோப்பு. நீயே பேசிக்கோ."

"என்ன, நாளைக்கே வெட்ட ஆரம்பிச்சிடலாமா?" என்றபடி வியாபாரி உள்ளே வந்தார்.

அந்த மரங்கள் எங்கோ ஒரு ஊரில் யார் தலைக்கு மேலோ ஏறும். அவர்கள் முகம் எனக்குத் தெரியாது. தெரியாதது வசதியாக இருந்தது. வியாபாரி மேடையில் கிடந்த சட்டங்களைப் பார்த்தார்.

"இதெல்லாம் யாருக்கு?"

"அக்கா வீட்டுக் கூரைக்கு."

"கூடப் பிறந்தவளுக்கே போடுறீங்க. அப்புறம் நான் எதுக்குத் தட்டிப் பாக்கணும்?"

குனிந்து, தூளுக்குள்ளிருந்து இரண்டு துண்டுகளையும் எடுத்து அவரிடம் கொடுத்தேன். "அவளுக்குப் போடல."

அவர் வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தோப்பு மொத்தமும் காகித மில்லுக்குத்தான் போகும். விறகு விலைதான் வரும்."

"எடுத்துக்குங்க."

"வெட்டுக்கூலி உங்களுது அண்ணே," என்றாள் அக்கா.