நாற்பத்தொரு பேரின் எடை

அம்பாசமுத்திரத்தின் முப்பத்தாறாயிரம் பேரும் செண்பகவடிவின் வழியாகத்தான் டிவி பார்க்கிறார்கள். அவரவர் வீட்டில் அவரவர் பெட்டி ஓடத்தான் செய்கிறது. ஆனால் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று எண்ணும் மீட்டர் செண்பகவடிவு வீட்டு டிவியில் மட்டும்தான் இருக்கிறது; அவள் பார்த்தால்தான் ஊர் பார்த்ததாக ஆகும். காலையில் அவள் கடைக்கு இட்லி மாவு வாங்க வருகிறவர்கள், "நேத்து நாடகம் நமக்குப் பிடிச்சிருந்ததாக்கா?" என்று கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.

இதை அவளைப்போல் நேர்மையாகச் செய்ய வேறொருவரால் முடியாது. டிவி முன் உட்காரும்போது மீட்டரில் தனக்குரிய ஒன்றாம் எண் பொத்தானை அமுக்குவாள். பால் பொங்கினால்கூட மறுபடி அமுக்கி, ஊரை எழுப்பிவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜாக்கெட் தைக்கும் ஞானசுந்தரி கடைக்கு வந்து ஒரு சீட்டை நீட்டினாள். அவளுக்குக் காது கேட்காது. சீட்டில் இப்படி இருந்தது: "ஞாயிறு மதியம் சைகைச் செய்தியை நாங்கள் நாற்பத்தொரு பேர் ஒன்பது வருடமாகப் பார்க்கிறோம். நீங்கள் பார்க்காததால் நாங்களும் பார்க்கவில்லையாம். இந்த வாரமும் யாரும் பார்க்காவிட்டால் நிறுத்திவிடுவார்களாம்."

அந்த நேரத்தில் செண்பகவடிவு மீன் பொரித்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. மீட்டர் அலுவலகத்துப் பிலோமின்ராஜை உடனே வரவழைத்தாள்.

"ஏன் தம்பி, முப்பத்தாறாயிரத்துல இந்த நாப்பத்தொரு பேரும் சேர்த்தியா, இல்லையா?"

"சேர்த்திதான்க்கா."

"அப்ப என் உடம்புல எங்கயாவது இருக்கணும்லா? எங்க இருக்காங்க, காட்டுங்க."

பிலோமின்ராஜ் யோசித்தான். "நீங்க முழுசா உக்காந்துட்டா ஊரே சைகைச் செய்தி பார்த்ததா ஆயிரும்க்கா. அது பொய்."

"பொய் யாருக்கு வேணும்? அவங்க பங்கு எவ்வளவோ, அதை மட்டும் உக்கார வைக்கேன்."

அவள் எடை அறுபத்துமூன்று கிலோ. நாற்பத்தொரு பேருக்கு எழுபத்திரண்டு கிராம் வந்தது. ஒரு காதும் கொஞ்சம் கன்னமும் சேர்ந்தால் சரியாக இருக்கும் என்றான்.

"கேக்காதவங்களுக்குக் காதைக் குடுப்பியளா? படிச்ச புள்ள பேசுத பேச்சா இது?"

பிலோமின்ராஜ் மன்னிப்புக் கேட்டான். அவள் இடது கண்ணையும் இடது கையில் இரண்டு விரல்களையும் எடுத்து, மாவு நிறுக்கும் தராசில் வைத்தாள். நாலு கிராம் குறைந்தது. மோதிரத்தையும் போட்டபோது முள் நேராக நின்றது.

ஞாயிறு மதியம் கண்ணும் விரல்களும் ஸ்டூலில் உட்கார்ந்தன. பக்கத்தில் ஞானசுந்தரி இருந்தாள். மீதிச் செண்பகவடிவு அடுப்படியில் வஞ்சிரம் பொரித்துக்கொண்டிருந்தாள். விரல்கள் தங்களுக்கென்று இரண்டாம் எண் பொத்தானை அமுக்கின. பிலோமின்ராஜ் குனிந்து மீட்டரைப் பார்த்தான்.

"நாப்பத்தொண்ணுக்கா! கூடவும் இல்ல, குறையவும் இல்ல. இனி நிறுத்த மாட்டாங்க."

மீட்டரை எட்டிப் பார்த்த ஞானசுந்தரி இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள்.

செய்தி வாசிக்கும் அம்மாள் வானிலைக்கு வந்ததும் நிறுத்தி, ஸ்டூலைப் பார்த்து ஏதோ கேட்டார். விரல்கள் பதில் சொல்லின. அவர் தலையாட்டிவிட்டு, வரைபடத்திலிருந்த மேகத்தை உள்ளங்கையால் வழித்துத் தென்காசிப் பக்கம் ஒதுக்கினார்.

"என்ன கேட்டாங்க?" என்றாள் செண்பகவடிவு அடுப்படியிலிருந்து.

ஞானசுந்தரி எழுதித் தந்ததைப் பிலோமின்ராஜ் வாசித்தான். "நாளைக்கு இங்க மழை வேணுமான்னு கேட்டாங்களாம். ஆறு வீட்ல வத்தல் காயுது, வேண்டாம்னு சொல்லியாச்சாம்."

"அதுக்காகத் தென்காசிக்காரன் தலையில தள்ளுறதா? அங்க யார்கிட்டயாவது கேட்டாங்களா?"

"அங்க மீட்டர் வச்ச வீட்டுல ஒரு முழங்கை பார்க்குதுக்கா. அது சரின்னு சொல்லிட்டாம்."

செண்பகவடிவு மீனைத் திருப்பிப் போட்டாள்.