பொட்டுக்குள் போன பட்டன்

எங்கள் முதலாளி ராஜகுருவுக்குப் புதுச் சாமான் எது வாங்கினாலும் பொட்டு வைக்காமல் கை அடங்காது. பந்தல்குடியில் இ-சேவைக் கடை நடத்துகிறார். நான் அங்கே கம்ப்யூட்டர் பார்க்கிறவள். அன்று காலை தொடுதிரைக் கம்ப்யூட்டர் ஒன்றைக் கொண்டுவந்து இறக்கினார். கீபோர்டையும் மவுஸையும் பழைய கம்ப்யூட்டரோடு சேர்த்து எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிட்டாராம்.

"எல்லாந்தான் படத்துலயே இருக்கே, கனகலட்சுமி. தொட்டா வேலை முடிஞ்சுது" என்றவர், திரையின் நாலு மூலையிலும் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்தார். "நாளை வரைக்கும் ஒருத்தரும் அழிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு அருப்புக்கோட்டைக்குப் பஸ் ஏறிவிட்டார்.

நாலரை மணிக்குச் சுந்தரபாண்டி அண்ணன் வேர்க்க விறுவிறுக்க வந்து நின்றார். மூன்று ஏக்கரில் மக்காச்சோளம் போட்டிருக்கிறார். பயிர் இன்சூரன்ஸுக்கு அன்றுதான் கடைசி நாள், ஐந்து மணிக்கு வெப்சைட்டை மூடிவிடுவார்கள். போன வருஷம் பதியாமல் விட்டார். மழையும் ஏய்த்துவிட்டது. மாட்டை விற்றுத்தான் குடும்பம் ஓடியது.

பெயர், சர்வே நம்பர் எல்லாம் போட்டு முடித்தேன். 'சமர்ப்பி' பட்டனைக் காணோம். கீழே வலது மூலைப் பொட்டுக்கு அடியில் கிடந்தது. தொட்டால் பொட்டு கலைந்துவிடும். பக்கத்தைத் தள்ளினேன், விரித்தேன், சுருக்கினேன். எல்லாம் நகர்ந்தது. அந்தச் சனியன் பிடித்த பட்டன் மட்டும் மூலையை விட்டு அசையவில்லை. திரையைத் தலைகீழாகத் திருப்பினேன். படமும் கூடவே சுழன்று, பட்டன் எதிர்மூலைப் பொட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பழையபடி திருப்பி வைத்தேன்.

மணி நாலு ஐம்பது. ஈரத்துணியை எடுத்தேன். அண்ணன் அதைப் பிடுங்கிக்கொண்டார்.

"ஏ தாயி, வச்ச பொட்ட அழிக்கிறதா? என் வெள்ளாமைக்கு எழுதுற நேரத்துலயா? வெளங்குமா?"

"அப்ப அந்தச் சோளத்துக்கும் ஒரு பொட்ட வச்சுட்டு வீட்டுக்குப் போங்கண்ணே!" ஆத்திரத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார், பொட்டைப் பார்த்தார். "அழிக்கத்தான கூடாது? எடுத்துப் பூசிக்கிடலாம்ல?"

செருப்பைக் கழற்றினார். கண்ணை மூடி வெகுநேரம் முணுமுணுத்தார். எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. பிறகு மோதிர விரலால் அந்தக் குங்குமத்தை அழுத்தித் தொட்டு நெற்றியில் இட்டுக்கொண்டார். திரையில் பச்சை டிக் விழுந்தது. 'விண்ணப்பம் ஏற்கப்பட்டது.'

சந்தோஷத்தில் நானும் மேலே வலது மூலைப் பொட்டைத் தொட்டேன். பக்கம் மூடிக்கொண்டது. மூடுகிற பெருக்கல் குறி அதற்கு அடியில்தான் இருந்திருக்கிறது. ரசீது இன்னும் எடுக்கவில்லை.

"அய்யய்யோ!" என்று தலையில் கை வைத்தேன். நல்லவேளை, அண்ணனின் போனுக்குப் பதிவு எண்ணோடு மெசேஜ் வந்தது. அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தேன்.

"நேரம் ஓடிக்கிட்டிருந்துச்சு, அப்பிடி என்னண்ணே வேண்டுனீக அம்புட்டு நேரம்?"

"இந்த இன்சூரன்ஸ் பணம் எனக்கு வரவே கூடாதுன்னு வேண்டுனேன், தாயி. சோளம் வெளையணும்."