கற்பூரம் அடித்த கை

எண்பத்து மூன்றில் நான் மலேசியாவில் புக்கிட் பெலண்டோக் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு ஞாயிறு மதியம் ஐந்து பையன்கள் ஸ்டோர் கதவை உடைத்து மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் மூட்டையைத் தூக்கினார்கள். நான்கு பேர் ஓடிவிட்டார்கள். சிக்கியது என் மகன் கணேசமூர்த்தி. பதினாறு வயது.

தோட்ட ஆபீஸ் கிராணி விசுவநாதன் என்னைக் கூப்பிட்டார்.

"மத்த நாலு பேரு யாருன்னு நாளைக்குப் பத்து மணிக்குள்ள சொல்லச் சொல்லுய்யா. விட்டுடறேன். இல்லேன்னா போலீஸ்தான்."

கிராணி வாக்கை நான் என்றைக்கும் நம்பியதில்லை. அன்றைக்கு வேறு வழியில்லை.

"யாருடா அவனுங்க?" என்று மகனை உலுக்கினேன்.

"முனியாண்டி கோயில்ல கற்பூரம் அடிச்சு சத்தியம் பண்ணியிருக்கேம்பா. சொல்ல முடியாது."

எரிகிற கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துவிட்டுச் சொல் தவறினால் ரத்தம் கக்கிச் சாவான் என்று அவனிடம் சொல்லி வளர்த்தவனே நான்தான். விடிந்ததும் வீட்டுச் சேவலைத் தூக்கிக்கொண்டு அவனைக் கோயிலுக்கு இழுத்துப் போனேன். பூசாரி ஆறுமுகம் சேவலை அறுத்து, அவன் கையை மஞ்சள் தண்ணீரில் கழுவிவிட்டார்.

"சத்தியம் கழிஞ்சுபோச்சு. இனிமே தைரியமா பேசு லா தம்பி."

அவன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"சாமிக்குப் பயந்தா சும்மா இருக்கேன்? சொன்னா காட்டிக்கொடுத்தவன்னு சொல்லுவானுங்க. அப்புறம் எவனும் என்னைச் சேத்துக்க மாட்டான்."

"உன்னை விட்டுட்டு ஓடுனவனுங்கடா!"

"எனக்கு மூட்டையத் தூக்கவே இஷ்டமில்லப்பா. 'போய் உங்கம்மா சேலையப் புடிச்சுக்கோ லா'ன்னு சிரிச்சானுங்க. தூக்கிட்டேன்."

இதற்கு எந்தச் சேவலை அறுப்பது?

பத்து மணிக்கு ஆபீசில் அவன் வாய் திறக்கவில்லை. கிராணி என் பக்கம் திரும்பினார்.

"நீயாவது சொல்லுய்யா. யாரோட சுத்துறான்னு பெத்தவனுக்குத் தெரியாதா?"

தெரியும். அவன் சுற்றுகிற அந்த நாலு பேரில் இரண்டு பேருடைய அப்பன்கள் வாசலில்தான் நின்றார்கள். என் நிரைக்கு அடுத்த நிரை மரங்களில் பால் வெட்டுகிறவர்கள். லயத்து வீட்டுக்காரர்களில் பாதிப் பேர் அவர்களுக்குப் பின்னால் நின்று என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தெரியாதுங்கய்யா," என்றேன்.

கணேசமூர்த்தி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அப்பா காட்டிக்கொடுக்கவில்லை என்று அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அந்த முகத்தோடு போலீஸ் ஜீப்பில் ஏறினான்.